ஏழு கிலோவில் மூன்று கிலோ பெட்டியே!

ஆறு நாள் பயணம். விமானத்துக்குள் கையோடு எடுத்துப்போகும் கேபின் பெட்டி மட்டும் போதும் என்று முடிவு செய்து, நீள அகலமெல்லாம் டேப் வைத்து அளந்து ஒரு டிராலி வாங்கியிருந்தேன். எடை போட்டுப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. கவுன்டரில் தராசில் வைக்கச் சொன்னார்கள். 9.6 கிலோ. அனுமதி 7.

"ரெண்டரை கிலோ கூட இருக்கு மேடம், செக்-இன்ல போட்டுடலாமா?"

மாட்டேன் என்று ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். அதன் பாக்கெட்டுகளில் சார்ஜர், கேமரா, ஒரு நாவல். ஜீன்ஸைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டேன். செருப்பை உள்ளே வைத்துவிட்டு ஷூவுக்கு மாறினேன். வேர்த்துக் கொட்டியது. மறுபடி தராசு: 7.1. அந்த ஊழியர் என்னை மேலும் கீழும் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டையைக் கட்டி அனுப்பிவிட்டார். சோதனை தாண்டியதும் எல்லாம் பெட்டிக்குள் திரும்பிப் போயிற்று. கடைசியில் விமானம் சுமந்தது அதே 9.6 கிலோவைத்தான்!

ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை, காலிப் பெட்டியை எடை போட்டது. 3.1 கிலோ. சக்கரம், இழுக்கும் கம்பி, கெட்டியான ஓடு என்று கிட்டத்தட்ட பாதி அனுமதியைப் பெட்டியே தின்றுவிட்டிருந்தது. அப்புறம், பயணத்தில் தொடவே தொடாத பொருட்களைக் கட்டில் மேல் பரப்பினேன்: இரண்டாவது ஜீன்ஸ், ஹேர் டிரையர், விசேஷத்துக்கென்று எடுத்த உடையும் அதற்கேற்ற செருப்பும். எல்லாமே 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்து வைத்தவை.

இப்போது ஒரு கிலோகூட இல்லாத முதுகுப் பை. மேலுடை மூன்று, கால்சட்டை இரண்டு, அதில் ஒரு ஜோடி உடம்பில். கனமான ஷூவும் ஜாக்கெட்டும் எப்போதும் உடம்போடுதான். இரவில் துவைத்துக்கொள்கிறேன். துவைத்ததை முறுக்கிப் பிழிந்தால் போதாது. காய்ந்த டவலை விரித்து, அதன் மேல் ஈரத்துணியைப் பரப்பி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, ஏறி நின்று மிதிக்க வேண்டும். டவல் நனைந்துவிடும். துணி, மெல்லிய செயற்கை இழையாக இருந்தால் காலையில் போட்டுக்கொள்ளலாம். ஜீன்ஸிடம் இந்த வித்தையெல்லாம் பலிக்காது, அது மறுநாளும் ஈரமாகவே தொங்கும்.

*

அக்கா, உங்களைத் தராசு படுத்தியது போல என்னைப் படுத்தியது பற்பசை.

150 மில்லி டியூப், அடியில் இரண்டு நாளுக்குத்தான் மிச்சம் இருந்தது. சோதனையில் எடுத்து வைத்துவிட்டார்கள். "இதுல பத்து மில்லிகூட இருக்காதே" என்றேன். அந்த அம்மா டியூபைத் திருப்பி, அச்சடித்த எண்ணை விரலால் காட்டினார். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது கணக்கில்லை, டியூபோ பாட்டிலோ எத்தனை மில்லி பிடிக்கும் என்பதுதான் கணக்கு. பசை, ஜெல், கிரீம் எல்லாமே திரவம்தான். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி அம்பலமானது. அதற்கப்புறம் வந்ததுதான், 100 மில்லிக்கு மேல் பிடிக்கும் டியூபோ பாட்டிலோ கையோடு கூடாது என்ற இந்தக் கெடுபிடி.

புது ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் தளர்த்திவிட்டார்கள் என்பது உண்மை. நம்பிப் பெரிய பாட்டிலோடு போனால் திரும்பி வரும் இடத்தில் மாட்டிக்கொள்வோம். நான் ஷாம்பூவையே கட்டி சோப்பாக மாற்றிவிட்டேன். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் கூழாகிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

எடையும் சரி, திரவமும் சரி, எல்லாம் தாண்டிவிட்டேன். விமானத்தின் வாசலில் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மேலே இடமில்லையாம், கீழே சரக்கறையில் போடப் போகிறார்களாம்.

பையில் அட்டையைக் கட்டும்போது ஒருவர் கேட்டார்: "பவர் பேங்க் இருக்கா சார்?" இருந்தது, பைக்குள் எல்லாவற்றுக்கும் அடியில். அதில் உள்ள லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் உடனே கண்ணில் படும், அணைக்கலாம். சரக்கறையில் அப்படி முடியாது. அதனால்தான் உதிரி பேட்டரியையும் பவர் பேங்கையும் கையோடு மட்டுமே கொண்டு போக விடுகிறார்கள். பொதுவாக, பேட்டரியில் தேங்கும் மின்சாரம் 100 வாட்-மணி வரை இருந்தால் தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 20 ஆம்பியர்-மணி, அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணிதான் வரும்.

கணக்கு சரி. ஆனால் அதை எடுக்க, நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, ஐம்பது பேர் பார்க்க உள்ளாடை முதற்கொண்டு வெளியே எடுத்து வைத்தேனே, அதுதான் மறக்கவில்லை. அவசரத்தில் பிரஷர் மாத்திரையும் வீட்டுச் சாவியும் உள்ளேயே போய்விட்டன. பயணம் முழுக்க அதே கவலை.

இப்போது பையின் மேல்பகுதியில் ஒரு சின்னத் துணிப்பை. பவர் பேங்க், மாத்திரை, சாவி, பாஸ்போர்ட், கண்ணாடி, எல்லாம் அதில். பையைக் கேட்டால் ஜிப்பைத் திறந்து அதை மட்டும் உருவிக்கொள்வேன். பத்து நொடிகூட ஆகாது.

*

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கைக்குழந்தையோடு போய்ப் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டு டயாபர் என்று எண்ணினாலே பை நிறைந்துவிடுகிறது. நான் பெரிய பெட்டியைச் செக்-இன்னில் போட்டுவிட்டு இரண்டு கையையும் குழந்தைக்குக் கொடுக்கிறேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

*

முதலில் எழுதியவள்தான். துணிப்பை யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், நன்றி சார். குழந்தையோடு போகிறவர்களிடம் நான் வாயே திறக்க மாட்டேன்!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எத்தனை கழித்தாலும் அந்த மடக்குக் குடையை மட்டும் வீட்டில் விட்டுவர மனம் வரவில்லை. நான்கு பயணமாகக் கூடவே வருகிறது. 280 கிராம். இன்னும் ஒரு தடவைகூட விரிக்கவில்லை.