தூர்வாருவதற்கு முன் ஒரு மனு: கண்மாய்களும் ஈரநிலச் சட்டமும்

வெளிநாடுகளில் வாழும் நம் ஊர்ச் சங்கத்தின் அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்க் கண்மாயைத் தூர்வார நிதி திரட்டலாம் என்று சென்ற கூட்டத்தில் பேசினோம். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதற்கு முன்போ, குறைந்தது அதனோடு சேர்த்தோ, மாநில அரசிடம் நாம் எழுத்துமூலம் கேட்டாக வேண்டிய ஒன்று இருக்கிறது: கண்மாய்க்குச் சட்டப் பாதுகாப்பு.

மத்திய அரசின் ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள் 2017-இல் வெளியாயின. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவற்றுக்கும், அரசு தனியே அறிவிக்கை செய்யும் ஈரநிலங்களுக்கும் அவை பொருந்தும். அத்தகைய இடங்களில் ஆக்கிரமிப்பது, குப்பை கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது, கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் எழுப்புவது ஆகியவற்றுக்குத் தடை உண்டு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஈரநிலம்' என்ற சொல்லுக்கு அவ்விதிகள் தரும் வரையறையை இறுதிவரை படித்தால், ஆற்றுப் போக்கு, நெல்வயல், குடிநீருக்காக அமைத்த நீர்நிலை ஆகியவற்றோடு, பாசனத்துக்காக மனிதர் அமைத்தவையும் அதிலிருந்து விலக்கப்பட்டிருப்பது தெரியும். தமிழ்நாட்டின் ஏறத்தாழ 40,000 ஏரி, கண்மாய்களில் பெரும்பாலானவை பாசனத்துக்காகவே கரை கட்டித் தேக்கப்பட்டவை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு தொடரின் எடை புரியும்.

இதில் ஒரு முரணும் உண்டு. 1971-ஆம் ஆண்டின் ராம்சர் உடன்படிக்கை இயற்கையானவற்றோடு செயற்கையானவற்றையும் ஈரநிலமாகவே கொள்கிறது. அதனால்தான் இராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகியவை அந்தப் பட்டியலில் சேர முடிந்தது. அவையும் கண்மாய்கள்தாம், பறவைகள் சரணாலயமாக ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்ததால் முன்னுரிமை பெற்றன. நாரை கூடு கட்டிய கண்மாய்க்குக் காவல் உண்டு, வெறுமனே இரை தேடிவிட்டுப் போகும் கண்மாய்க்கு இல்லை என்றால், அந்த நாரைக்கே அது விளங்காது.

உச்ச நீதிமன்றம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியிருக்கிறது. செயற்கைக்கோள் படங்களின் துணையோடு கணக்கெடுக்கப்பட்ட, 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களை 2017 விதிகளுக்கு முன்பு நடப்பிலிருந்த விதிகளின் கோட்பாட்டின்படி காக்க வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் ஆணையிட்டது. அவற்றின் எல்லைகளைக் களத்தில் சரிபார்த்து வரையறுக்கும்படி 2024 டிசம்பரில் மாநிலங்களைப் பணித்தது. நம் கண்மாய் அந்தக் கணக்கில் இருக்கிறதா, இருந்தால் அதன் எல்லை எங்கே வரையப்பட்டது என்பதே மாநில ஈரநில ஆணையத்திடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது, நம்முடையதைப் போன்ற கண்மாய்களையும் காக்கும் மாநிலச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 17-ஆவது இனமாக நீர் இருப்பதால், மத்திய விதிகள் விட்ட இடத்தைச் சட்டமன்றம் நிரப்பலாம். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நம்மிடம் உண்டு. ஆனால் அது பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்காக இயற்றப்பட்டது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள, ஊராட்சி ஒன்றியப் பொறுப்பிலுள்ள நம்முடையதைப் போன்ற சிறு கண்மாய்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. கேரளம் 2008-இலேயே நெல்வயலுக்கும் ஈரநிலத்துக்கும் தனிச் சட்டம் இயற்றியது. 2018-இல் கொண்டுவந்த திருத்தம் அதைத் தளர்த்திவிட்டது என்பது என் கருத்து. ஆயினும் ஒரு மாநிலம் தானே முன்வந்து சட்டம் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

தூர்வாருவதை மட்டும் நம்பக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால். கண்மாயின் உள்வாயை எவ்வளவு ஆழப்படுத்தினாலும், மேலே வரத்துக்கால் அடைபட்டிருந்தால் தண்ணீர் வராது. அதற்குப் பொக்லைன் உதவாது. புறம்போக்கைப் புறம்போக்காகவே வைத்திருக்கும் நிர்வாகம் வேண்டும். ஆகவே மனுவில் கண்மாயின் சர்வே எண்ணோடு வரத்துக்கால், கலுங்கு (மிகுநீர் வழியும் அமைப்பு), உபரிநீர் ஓடை ஆகியவற்றின் எண்களும் அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேட்டில்) உள்ளபடியே இடம்பெற வேண்டும். இவற்றை வருவாய்த் துறையின் இணையச் சேவையில் வெளிநாட்டிலிருந்தே பார்க்கலாம்.

நிதி பற்றி ஒரு குறிப்பு மட்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் அனுப்புவது அவ்வாறு கருதப்பட்டு, அதற்கான தனிச் சட்டத்துக்கு உட்படும். ஆகவே யாரும் அவசரப்பட்டு ஊர்க் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

கிராம சபையின் தீர்மானம் இணைந்தால் மனுவுக்கு வலு கூடும். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே அச்சபையின் உறுப்பினர்கள் என்பதால், தீர்மானத்தை ஊரில் இருப்பவர்கள்தான் முன்மொழிய வேண்டும். அடுத்த கிராம சபைக்குள் வரைவை முடித்து இங்கே அனுப்புகிறேன். நில அளவைப் படம் படிக்கத் தெரிந்தவர்கள் இருவர் எனக்குத் துணையாக வேண்டும். விருப்பமுள்ளவர்கள் மறுமொழி எழுதுங்கள்.