புதுப்பிப்பு: டிராக் வளைவுல வண்டி வெளிய ஓடுறது, கை மரத்துப்போறது - சரியாயிடுச்சு

சென்னை பக்கத்துல இருக்கற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல பைக் ஓட்டறப்ப வளைவுல வண்டி வெளிய ஓடுது, கை மரத்துப்போவுதுன்னு கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

வேலை செஞ்சது, டேங்க்க தொடையால இறுக்கிப் புடிங்கன்னு பதில் போட்ட மன்னார்குடி அண்ணன் சொன்னதுதான். பிரேக் புடிக்கறப்ப உடம்பு வெயிட்டு கைக்கு வராம தொடையிலயே நின்னுச்சு, கை லூசா இருந்ததால ஹேண்டில் லேசா திரும்புச்சு, கண்ண வளைவு முடியிற எடத்துல வெச்சதும் வண்டி கோட்டுலயே போச்சு. சஸ்பென்ஷன தொடவே இல்ல.

எதிர்பாக்காதது டயர் காத்து. சூட்டுல பிரஷர் ஏறி பின் டயர் வழுக்க ஆரம்பிச்சுது, பிட்டுக்கு (டிராக் ஓரமா வண்டிய நிறுத்திப் பாக்கற எடம்) வந்த உடனே சூடா இருக்கறப்பவே அளந்து கொறச்சப்புறம்தான் பிடிமானம் வந்துச்சு. கும்பகோணம் கெளம்புறதுக்கு முன்னாடி மறுபடி ரோட்டு அளவுக்கு காத்து அடிச்சுட்டேன், நீங்களும் அடிச்சுடுங்க, காத்து கம்மியா இருந்தா நம்மூரு ஆத்தங்கரை ரோட்டுப் பள்ளத்துல ரிம் அடி வாங்கிடும்.