2^61−1 பகா எண்தானே, நிரலில் மீதி 0 வரவில்லையே?

கேள்வி: 2^61−1, அதாவது 2305843009213693951-க்கு லூகாஸ்–லேமர் சோதனை (2^p−1 வடிவ எண் பகா எண்ணா என்று பார்ப்பது; கடைசி மீதி 0 என்றால் பகா எண்) எழுதினேன். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2 கழித்து, வகுத்த மீதியை 59 முறை கண்டேன். கடைசியில் 0 வரணும், வேறு ஏதோ வருகிறது. 64 பிட் மாறிதான்.

பதில் 1: சிக்கலே அந்த 64 பிட்தான். 61 பிட் எண்ணின் வர்க்கம் 122 பிட் வரை போகும். மேல்பாதி சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். பிழைச்செய்திகூட வராது. பெருக்கலுக்கு மட்டும் 128 பிட் வையுங்க. சுற்று எண்ணிக்கை சரி, 61−2.

பதில் 2: வகுத்தலே வேண்டாம். கீழ் 61 பிட்டோடு மேல் பிட்டுகளைக் கூட்டினால் போதும், ஏனென்றால் இங்கே 2^61-இன் மீதி 1. விடை இன்னும் பெரிதாக இருந்தால் ஒருமுறை கழியுங்க. சரியாக 2^61−1 ஆகவே நின்றால் அதுவும் 0தான். இதில் பலர் வழுக்குவார்கள்.

முதலில் 127-இல் ஓட்டிப் பாருங்க: 4, 14, 67, 42, 111, 0. அப்புறம் 2047: 9 சுற்றில் 1736 வரணும், 0 வராது, ஏனென்றால் 2047 = 23×89, பகா எண் இல்லை.

கேள்வி கேட்டவர்: 128 பிட்டுக்கு மாற்றினேன், 0 வந்துவிட்டது. நன்றி.

பதில் 3: 2^61−1 பகா எண் என்பதை 1883-இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் கையாலேயே கணக்கிட்டு நிறுவினார்!