காலையில் ஸ்ட்ராபெரித் தோட்டம், மத்தியானம் பன்னி சௌ (bunny chow): தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி ஒருநாள்

ஃபீனிக்ஸ் வாசி

செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நாத்தனார் குடும்பம் வருது. 3 வயசிலும் 8 வயசிலும் பிள்ளைங்க, கூட மாமியார். மாமியாருக்குப் புரட்டாசி விரதம். ஸ்ட்ராபெரித் தோட்டம், டவுன் சாப்பாடு ரெண்டையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா? பன்னியை (தோண்டின ரொட்டிக்குள்ளே குழம்பு ஊத்தித் தர்ற நம்ம டர்பன் சாப்பாடு) வாங்கிக்கிட்டுத் தோட்டத்துக்கே போயிடலாம்னு வீட்டில் ஒரு யோசனை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உம்லாலி பக்கம்

தாராளமா முடியும். தோட்டம் முதல்ல, பன்னி பிறகு. மாத்திப் போட்டா ரெண்டும் கெடும்.

பல்லிட்டோவைத் தாண்டி உம்லாலிப் பக்கம் கப்பெனி எஸ்டேட்டில் நாமே பறிச்சுக்கலாம். என்2 நெடுஞ்சாலை வழியா வடக்கே வந்தா டொங்காட் டோல் ஒண்ணு கட்டணும். டோல் வேண்டாம்னா ஆர்102இல் வெருலம், டொங்காட் ஊருக்குள்ளே புகுந்து வரலாம். ஆனா ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஆலை ஓடுற காலம், கரும்பு லாரிக்குப் பின்னாடி மாட்டினா ஊர்ந்துதான் வரணும். பிள்ளைங்க பின்சீட்டில் இருந்தா டோலே மேல்.

இங்கே ஸ்ட்ராபெரி குளிர்காலப் பயிர். ஏறக்குறைய ஜூனில் தொடங்கி நவம்பர் வரைக்கும் போகும், செப்டம்பரில் நல்லாவே இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி அன்னிக்குப் பறிப்பு உண்டான்னு கேட்டுக்குங்க. முந்தின ராத்திரி மழை பெஞ்சிருந்தா பழம் நீர் கோத்து மெத்துனு ஆயிடும், சாயங்காலத்துக்குள்ளே சாம்பல் பூஞ்சை பிடிக்கும். அப்படி நாளில் பறிப்பை நிறுத்தி வைப்பாங்க. பள்ளி விடுமுறைன்னா முன்பதிவு இல்லாம வராதீங்க.

திறந்த உடனே வயலில் இறங்குங்க. வெயில் ஏறினா பழமும் சூடேறும், சூட்டோட பறிச்ச பழம் டப்பாவிலேயே கசியும். இன்னொண்ணு, மாம்பழம் மாதிரி வீட்டில் வச்சுப் பழுக்க வைக்கலாம்னு நினைக்காதீங்க. ஸ்ட்ராபெரி பறிச்ச பிறகு நிறம் கொஞ்சம் ஏறுமே தவிர இனிப்பு ஏறாது. காம்புக்குக் கீழே தோள்பட்டையில் வெள்ளை இருந்தா விட்டுடுங்க. இலையை ஒதுக்கி அடியில் பாருங்க, நல்ல பழம் அங்கேதான் ஒளிஞ்சிருக்கும். வரிசையோட முன்பக்கத்தை முன்னாடி வந்தவங்க துடைச்சு வச்சிருப்பாங்க, 20 அடி உள்ளே நடங்க.

பழத்தைப் பிடிச்சு இழுக்காதீங்க. அழுத்தின விரல் தடம் ரெண்டு மணி நேரத்தில் பழுப்பாத் தெரியும். காம்பை ஒரு சென்டிமீட்டர் விட்டு நகத்தால் கிள்ளி லேசாத் திருகினாப் போதும். பச்சைத் தொப்பி பழத்தோடவே இருக்கட்டும். டப்பாவில் மூணு அடுக்குக்கு மேல் போட்டா அடியில் இருக்கிறது கூழ்.

3 வயசுப் பிள்ளைக்குத் தனியா ஒரு சின்ன டப்பா கொடுத்துடுங்க, இல்லேன்னா பெரிய டப்பாவில் பச்சைக் காயா விழும். தள்ளுவண்டி பாத்தி நடுவே போகாது. பாத்தி மேல் விரிச்சிருக்கிற பிளாஸ்டிக்கைத் தாண்டிக் குதிக்க விடாதீங்க, அடியில் சொட்டுநீர்க் குழாய் இருக்கும். மாமியாருக்கு நிழலில் உட்கார இடம் உண்டான்னு பதிவு செய்யும்போதே கேளுங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைங்க பொறுமையாப் பறிக்கும்னு எதிர்பார்க்க வேண்டாம்.

அதுக்கு மேல் நேரம் இருந்தா ஷெஃபீல்ட் பீச் பக்கம் ஃபிளாக் அனிமல் ஃபார்ம் இருக்கு. ஆடு, கன்னுக்குட்டி, பால் கறக்கிறது எல்லாம் டவுன் பிள்ளைங்களுக்குப் புதுசு. ஆட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுத் தண்ணியில் கழுவணும். ஜெல் தடவிட்டு விட்டா வயித்துப்போக்குக் கிருமிகளில் சிலது சாகாது. தொட்ட கையோட ஸ்ட்ராபெரி சாப்பிடுறதுதான் பெரும்பாலும் வினையாகுது.

கரும்புக்காடு

மேலே சொன்னது சரி. வழியில் கரும்பைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி ஒடிக்கிற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு உண்டு, அது வேண்டாம். அடுத்தவன் பயிருங்கிறது ஒருபக்கம். அறுப்புக்கு முன்னாடி கரும்பு முதிர மருந்து தெளிக்கிற வயல்கள் உண்டு, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தோகையும் பிளேடு மாதிரி கீறும். கரும்பு வேணும்னா மார்க்கெட்டில் வாங்குங்க.

எலிக்காகப் பாம்பு தங்குற இடம் கரும்புக்காடு. அறுப்பு நடக்கும்போது ஒதுங்க இடம் தேடி வெளியே வரும். பஃப் ஆடர், துப்புற நாகம், கறுப்பு மாம்பா மூணும் இந்தக் கரையோரத்தில் இருக்கு. பஃப் ஆடர் காலடிச் சத்தம் கேட்டு ஓடாது, அசையாமக் கிடக்கும். அதனால் மூடின ஷூ, வெட்டின பாதை, அவ்வளவுதான். துப்புற நாகத்தோட விஷம் கண்ணில் பட்டா தேய்க்காம 15, 20 நிமிஷம் தண்ணியை ஓடவிட்டுக் கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்.

பாம்பைவிட அடிக்கடி வர்றது உண்ணி. புல்லில் உட்கார்ந்து எழுந்தா வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, காதுக்குப் பின்னாடி, தலைமுடி ஓரம் பாருங்க. சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணும். எண்ணெய் தடவுறது, தீக்குச்சி காட்டுறது ரெண்டும் தப்பு. ஒரு வாரம் கழிச்சுத் தலைவலியும் காய்ச்சலும் வந்து, உடம்பில் நடுவே கறுத்த புண் ஒண்ணு தெரிஞ்சா, "தோட்டத்துக்குப் போனோம்"னு டாக்டரிடம் மறக்காமச் சொல்லுங்க. உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கு. சொல்லலேன்னா சாதா ஃப்ளூன்னு அனுப்பிடுவாங்க.

பிள்ளைகளில் யாருக்காவது வீசிங் இருந்தா பம்பை (இன்ஹேலர்) கையில் வச்சுக்குங்க. குளிர்காலத்தில் கரும்பு எரிக்கிற நாளில் புகை சாலை வரைக்கும் வரும்.

சாட்ஸ்வொர்த் அடுப்படி

பன்னியைத் தோட்டத்துக்குக் கட்டிக்கிட்டுப் போற யோசனையை இப்பவே கைவிடுங்க. பன்னிங்கிறது அரை மணி நேரச் சாப்பாடு. ரொட்டிச் சுவர் குழம்பைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். முதல் 10 நிமிஷத்தில் உள்பக்கம் மட்டும் ஊறி, வெளித்தோல் விறைப்பா நிக்கும். அதுதான் பதம். உம்லாலி போய்ச் சேர முக்கால் மணி ஆகும், அதுக்குள்ளே அடி கழண்டு காகிதத்தோட ஒட்டிக்கும்.

1940களில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் பரவின சாப்பாடு இது, இப்போ யூசுப் டாடூ ஸ்ட்ரீட். யார் முதல்ல செஞ்சாங்கன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க, அதில் இறங்க வேண்டாம். தட்டும் முள்கரண்டியும் இல்லாம ஒரு ஆள் பசியாறணும், அதுக்கான ஏற்பாடு. அதனால் ரொட்டிதான் பாத்திரம், பாத்திரம் ஒழுகக் கூடாது. கடையை எடை போட வேண்டியது ரொட்டியை வச்சுத்தான்.

ஸ்லைஸ் போடாத வெள்ளை ரொட்டியைக் குறுக்கே நாலா வெட்டினா ஓரத்துத் துண்டு ரெண்டு, நடுத்துண்டு ரெண்டு கிடைக்கும். ஓரத்துத் துண்டுக்கு அடியில் தோல் இருக்கும், நடுத்துண்டுக்கு அடியிலும் பஞ்சுதான். கால் பன்னி கேட்கும்போது ஓரத்துத் துண்டாக் கேளுங்க. நடுத்துண்டுதான் இருக்குன்னா அடியில் ரெண்டு விரல்கடை பஞ்சை விட்டுத் தோண்டியிருக்கணும். அரை பன்னிக்கு இந்தத் தொல்லையே இல்லை, ரெண்டு பாதியிலும் ஒரு பக்கம் தோல் உண்டு. ரெண்டு பேர் பங்கு போட்டுச் சாப்பிட அரை வாங்குறது ரெண்டு கால் வாங்குறதைவிடப் பத்திரம்.

அடுப்பிலிருந்து அப்போதான் வந்த ரொட்டி நல்லதுன்னு நினைப்போம். இங்கே அது ஆகாது. சூடான ரொட்டியைத் தோண்டினா பஞ்சு பிஞ்சு பிஞ்சு வரும், சுவர் சரியும். காலையில் வந்த ரொட்டி மத்தியானத்துக்குச் சரியா இருக்கும்.

குழம்பு கெட்டியா இருக்கணும், ஆனா மாவு கரைச்ச கெட்டி இல்லை. உருளைக்கிழங்கு ஓரம் கரைஞ்சு வர்ற கெட்டி. வீட்டில் செய்யுறவங்களுக்கு: நாலு கால்வாசிப் பன்னிக்கு எலும்போட ஒரு கிலோ மட்டன், பெரிய உருளை 4, வெங்காயம் 2, தக்காளி 2, டர்பன் மிக்ஸ்ட் மசாலா மூணு மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு ஒரு மேசைக்கரண்டி, பட்டை, சோம்பு, கறிவேப்பிலை. மசாலாவை எண்ணெயில் போட்டு அரை நிமிஷத்துக்கு மேல் விடாதீங்க, கறுத்தா கசப்பு போகவே போகாது. வெங்காயம் சிவந்ததும் மசாலாவோட கறியைச் சேர்த்துப் பிரட்டி, கறியோட சொந்தத் தண்ணியிலேயே 15 நிமிஷம் விட்டு, அப்புறம் தக்காளி. தக்காளி முந்தினா கறி வேக நேரம் பிடிக்கும். உருளை கடைசி அரை மணியில். அடுப்பை அணைச்சு 20 நிமிஷம் ஆறவிட்டு ரொட்டியில் ஊத்துங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்துறதுதான் வீட்டுப் பன்னி ஒழுகுறதுக்கு முதல் காரணம்.

சாப்பிடுறது மேலேயிருந்து. தோண்டின பஞ்சைத் தொட்டுக்கிட்டு ஆரம்பிச்சு, குழம்பு மட்டம் இறங்க இறங்கச் சுவரைக் கிள்ளிக்கிட்டு வரணும். மட்டத்துக்குக் கீழே கிள்ளினா மடியில் கொட்டும். 8 வயசுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தாப் போதும், பிடிச்சுக்கும். 3 வயசுக்கு மட்டனே வேண்டாம். நம்ம ஊர் "மைல்ட்"ஐ நம்பாதீங்க. அந்தப் பஞ்சில் வெண்ணெய் தடவிக் கொடுங்க, சிப்ஸ் கொஞ்சம். பன்னிக்குள்ளே சூடு நேரமாகியும் அடங்காது, சின்னக் கையைக் கிட்டே விடாதீங்க.

டொங்காட் தெரு

பிள்ளைங்க இருந்தா எலும்பில்லாத மட்டனே கேட்கலாமே? ரொட்டிக்குள்ளே எலும்புச் சில்லு தெரியாது.

சாட்ஸ்வொர்த் அடுப்படி

ருசி குறையும், ஆனாலும் பிள்ளைக்கு நீங்க சொல்றதுதான் சரி. பெரியவங்களுக்கு எலும்போடதான்.

வெள்ளிக்கிழமை விரதம்

மாமியார் விஷயம். புரட்டாசியில் பீன்ஸ் பன்னி (சுகர் பீன்ஸ்னு ராஜ்மா மாதிரி ஒரு காய்ஞ்ச பயறு) எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனா "பீன்ஸ்"னு கேட்டாப் போதாது. மட்டன் சட்டியில் முக்கின கரண்டியே இதுக்கும் வரும். சிப்ஸ், சமூசா, மீன் எல்லாம் ஒரே எண்ணெய். சில இடத்தில் ருசிக்காக மட்டன் குழம்பையே ரெண்டு கரண்டி மேலே ஊத்திக் கொடுப்பாங்க, அன்பாத்தான். "ஃபாஸ்டிங்"னு ஒரு வார்த்தை சொன்னா டர்பனில் எந்தக் கடையிலும் புரியும், தனிக் கரண்டி எடுப்பாங்க. கண்டிப்பா வேணும்னா சைவக் கடைக்கே போயிடுங்க.

சுகர் பீன்ஸ் வீட்டில் செய்யுறதானா முந்தின ராத்திரி ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டி, புதுத் தண்ணியில் முதல் 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்க விடணும். ஸ்லோ குக்கரில் நேரா போட்டா வயிறு கெடும். தக்காளி, புளி எல்லாம் பீன்ஸ் வெந்த பிறகு. பாதி வெந்ததில் புளிப்பு சேர்த்தா தோல் விறைச்சு நிக்கும். கால்வாசியை மசிச்சு விட்டா குழம்பு தானா கெட்டிப்படும்.

தோட்டத்துக்குக் கட்ட பூரி பாத்தாவை மிஞ்ச எதுவும் இல்லை. ஆறினாலும் ருசி, ஒழுகாது. மடும்பி இலை (சேப்பங்கிழங்கு இலை) பெருசா 8, கடலை மாவு கால் கிலோ, எலுமிச்சையளவு புளி, மசாலா ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் வெல்லம், சீரகம், உப்பு. இலையைக் கவுத்துப் போட்டுத் தடிச்ச நரம்பைச் சீவி, மாவைத் தடவி, நுனியை மாத்தி மாத்தி அடுக்கி, ஓரம் மடிச்சு இறுக்கிச் சுருட்டணும். 45 நிமிஷம் ஆவி. வேகாத இலை தொண்டையை அரிக்கும், புளி அதைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவே. புளியை நம்பி நேரத்தைக் குறைக்காதீங்க. நல்லா ஆறினதும் அறுத்து ரெண்டு பக்கமும் வாட்டுங்க. சூட்டில் அறுத்தா பிரிஞ்சு போகும்.

சப்பாத்தி மாதிரி ரொட்டியில் ரோல் கட்டுறதானா உருளைக் கறி வறண்டிருக்கணும், ரெண்டுமே ஆறியிருக்கணும். சூடா ஃபாயிலில் சுத்தினா வேர்த்துப் பிசுபிசுக்கும்.

மார்க்கெட் மூலை

டவுனையும் பார்க்கணும்னா விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டை மட்டும் சேர்த்துக்குங்க. பழைய கட்டடம் 1973இல் எரிஞ்சு, இப்போ இருக்கிறது 1990இல் வந்தது. மசாலாக் கடையில் "மாமியார் கொல்லி"ன்னு பலகை வச்ச மிளகாய்த்தூள் குவியலைப் பார்ப்பீங்க, உங்க மாமியார் கூட வர்றதால் முன்னாடியே சொல்றேன். 100 கிராமா வாங்குங்க. விரலில் தேய்ச்சா எண்ணெய்ப் பசையோட வாசம் வரணும், தூசி மாதிரி உதிர்ந்தா பழசு. வீட்டில் ஃப்ரீசரில் வச்சா நிறமும் வாசமும் நிக்கும்.

வார்விக் காலை மார்க்கெட் வேற நாளைக்கு. அது பெயருக்கேத்த மாதிரி விடியலில் பார்க்க வேண்டியது, தோட்டத்து நேரத்தோட இடிக்கும். பக்கத்தில் அவிச்ச சோளமும் வேக வச்ச மாட்டுத்தலையும் விக்கிற பகுதி உண்டு, விரதக்காரங்களை அந்தப் பக்கம் கூட்டிப் போகாதீங்க. புதுசா வர்றவங்க வழிகாட்டியோட சுத்துறது நல்லது, மார்க்கெட்ஸ் ஆஃப் வார்விக்னு நடத்துறாங்க. போன், நகை உள்ளே.

கடற்கரையில் மிளகாய்த்தூள் தூவின அன்னாசி விரதத்துக்கும் ஆகும். சின்னதா மஞ்சளா இருக்கிற குயீன் ரகம் கேளுங்க, லுஷ்லூவே பக்கம் விளையறது. வெட்டி வெயிலில் வச்சதை வாங்காம, கண் முன்னாடி வெட்டச் சொல்லுங்க.

ஃபீனிக்ஸ் வாசி

ரொம்ப நன்றி. பன்னி சாப்பிடுற நேரம் ஸ்ட்ராபெரி காரிலேயே இருக்குமே?

உம்லாலி பக்கம்

கூலர் பெட்டி எடுத்துக்கிட்டு வாங்க. அடியில் ஐஸ் பிரிக், மேல் ஒரு துண்டு, அதுக்கு மேல் பழம். ஐஸ் நேராப் பட்டா அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகி அழுகும். வண்டியை நிழலில் விடுங்க. வீட்டில் கழுவாம ஃப்ரிட்ஜில் வச்சு, சாப்பிடும்போது மட்டும் கழுவினா ரெண்டு நாள் தாங்கும். நசுங்கினதை அன்னிக்கே பிரிச்சுடுங்க, ஒண்ணு மொத்த டப்பாவையும் கெடுக்கும்.

நசுங்கினது ஒரு கிலோ சேர்ந்தா முக்கால் கிலோ சர்க்கரை, ரெண்டு எலுமிச்சைச் சாறு போட்டு ஜாம் காய்ச்சலாம். எலுமிச்சையை விட்டுடாதீங்க, ஸ்ட்ராபெரிக்குத் தானா இறுகுற சத்து குறைவு. ஃப்ரீசரில் வச்ச சாஸரில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினா மேலே சுருக்கம் விழணும், அப்போ இறக்குங்க.