1940 தோல்வி: மார்க் ப்ளோக் எழுதியது வரலாறா, வாக்குமூலமா?

வண்டல்:
பிரான்ஸ் ஆறே வாரத்தில் ஜெர்மனியிடம் விழுந்ததும் வரலாற்றாசிரியர் ப்ளோக் எழுதிய 'விசித்திரத் தோல்வி'யை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரெஞ்சுத் தலைமைத் தளபதி கமெலின் நல்ல படைகளையெல்லாம் பெல்ஜியம் பக்கம் அனுப்பிவிட்டு, ஆர்டென் காட்டு வழியாக டாங்கிகள் அவ்வளவு சீக்கிரம் வராது என்று நம்பி எல்லையோர நகரமான செடானில் பலவீனமான பிரிவுகளை நிறுத்தினார், அங்கேதான் உடைந்தது. அது தளபதிகளின் தவறு. அதைப் போய் ஆசிரியர், தொழிற்சங்கம், முதலாளி என்று நாடு முழுக்க ஏன் பங்கு போட வேண்டும்? 1940 ஜூனில், ஜெர்மனியிடம் போர்நிறுத்தம் கேட்ட புதிய பிரதமர் மார்ஷல் பெதானும் ரேடியோவில், சுகம் தேடும் புத்திதான் நம்மைக் கெடுத்தது என்று பேசினார். இரண்டும் ஒரே ராகம்தான்.

கரிசல்:
இல்லை நண்பரே. தோல்விக்கு நேரடிக் காரணம் தலைமையின் திறமையின்மை என்று ப்ளோக்கே எழுதுகிறார். பிரெஞ்சு ராணுவத்தின் முதல் படையில் பெட்ரோல் விநியோகம் அவர் பொறுப்பு. முதல் உலகப் போரின் வேகத்திலேயே அதிகாரிகள் கணக்குப் போட்டதையும், பின்வாங்கும்போதெல்லாம் போதிய தூரம் போகாமல் மாட்டிக்கொண்டதையும் கண்ணால் பார்த்தவர். பெதான் விரல் நீட்டியது மற்றவர்களை நோக்கி. ப்ளோக் தன் தலைமுறையையே கேட்கிறார்: 1918இல் அந்தப் போர் முடிந்த பிறகு அவரவர் மேசைக்குத் திரும்பிவிட்டோம், வேலையை ஒழுங்காகச் செய்தோம், குடிமக்களாக என்ன செய்தோம்?

அப்புறம் மேற்கு பிரான்ஸின் ரென் நகரக் காட்சியைப் படியுங்கள். தெருமுனையில் ஜெர்மன் வண்டிகள் போகின்றன. இவர் ராணுவ உடையை மாற்றிக்கொண்டு, ஒரு ஹோட்டலில் சொந்தப் பெயரையே எழுதிக் கொடுத்து அறை எடுக்கிறார். நரைத்த தலைப் பேராசிரியரை யார் அதிகாரி என்று நினைப்பார்கள்? வயது 53, ஆறு பிள்ளைகள்.

வண்டல்:
அவர் துணிச்சலை நான் மறுக்கவே இல்லை. ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை, ஆவணக் காப்பகம் எதையும் பார்க்காமல், காயம் ஆறுவதற்குள் எழுதியது. ஒரு மாணவர் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் அவரே ஏற்றிருப்பாரா?

பனையோலை:
அவர் அதை வரலாறு என்று சொல்லவில்லையே. முதல் அத்தியாயம் சாட்சியின் அறிமுகம், இரண்டாவது தோற்றவனின் சாட்சியம், மூன்றாவது ஒரு பிரெஞ்சுக்காரனின் மனசாட்சிப் பரிசோதனை. தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

கரிசல்:
திருத்தி எழுத அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை. யூதர், லியோன் நகரில் ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் சேர்ந்தார், 1944 ஜூன் 16 அன்று ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். புத்தகம் வந்தது 1946இல்.

வண்டல்:
சாட்சியம் என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பலரும் மேற்கோள் காட்டுவது மூன்றாம் அத்தியாயத்தைத்தான். பெட்ரோல் கிடங்கும் பின்வாங்கலும் இருக்கிற இரண்டாம் அத்தியாயத்தை அவர்கள் முதலில் படிக்கட்டும்.