700×25 டயருக்கு எந்த டியூப்? கடையில் 28 இன்ச் கொடுத்துவிட்டார்கள்

புதுமிதி:
போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு ரோடு பைக் வாங்கினேன். டயரின் பக்கவாட்டில் 700×25சி என்றும், அதன் கீழே 25-622 என்றும் இருக்கிறது. நேற்று பின் சக்கரம் பஞ்சர். தெருமுனைக் கடையில் டியூப் கேட்டதற்கு, “பெரிய சக்கரம்தானே, 28 இன்ச்” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வால்வு ரிம் ஓட்டைக்குள் நுழையவே இல்லை, டியூபும் டயருக்குள் அடங்காமல் பிதுங்குகிறது. ஆன்லைனில் பார்த்தால் 18-25, 20-28, 28-32 என்று எல்லாவற்றிலும் 700 போட்டிருக்கிறார்கள், போதாததற்கு வால்வு நீளம் 48, 60, 80 என்று வேறு. அடுத்து 28 மி.மீ. அகல டயருக்கு மாறும் எண்ணமும் இருக்கிறது. எதை வாங்குவது?

செயின்கறை:
கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கொடுத்தது நம் ஊர் பெரிய சைக்கிளின் 28×1½ டியூப். அந்த டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ., உங்களுடையது 622. அந்த 13 மி.மீட்டரை ரப்பர் எப்படியோ சமாளித்துவிடும், பருமன்தான் சிக்கல். 40 மி.மீ. டயருக்கான டியூபை 25க்குள் திணித்தால் மடிப்பு விழும், அப்புறம் அந்த மடிப்பில்தான் கிழியும்.

25-622 என்பதையே பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம் விட்டம். 700 என்பது டயரோடு சேர்த்துச் சொன்ன பழைய பிரெஞ்சுக் கணக்கு. உங்கள் சக்கரத்தை எப்படி அளந்தாலும் 700 வராது, 672 பக்கம்தான் வரும். 28க்கும் மாறப் போகிறீர்கள் என்றால் 20-28 எடுங்கள், அதாவது 20 முதல் 28 மி.மீ. வரை அகலமுள்ள டயர்களுக்கான டியூப். 18-25 வேண்டாம்.

எதிர்காற்று:
ரிம் எவ்வளவு ஆழம் என்று சொல்லவில்லையே? வால்வு குறைந்தது 15 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் பிடிக்காது. ரிம் 30 மி.மீ. என்றால் 48 போதும், 50 என்றால் 80 வாங்குங்கள். நீளம் கூடினால் ஒன்றும் கெடாது, பார்க்கத்தான் கொக்கு மூக்கு மாதிரி இருக்கும். ஓட்டை சின்னது என்பதால் உங்களுக்கு ப்ரெஸ்டா என்னும் ஒல்லியான வால்வுதான். ட்ரில் போட்டுப் பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ரிம் வீணாகும்.

ஈசிஆர்வாசி:
18-25 டியூபை அப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. 28 டயருக்குள் அதைப் போட்டு மாமல்லபுரம் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். இழுபட்டு மெலிந்துவிடும், காற்று கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். சீட்டுக்கு அடியில் உபரியாக வைத்துக்கொள்ள அதுதான் சின்னது. பெரிய டியூபைச் சின்ன டயரில் போடுவதுதான் ஆகாது.

அது இருக்கட்டும், பழைய டியூபில் ஓட்டை எங்கே என்று பார்த்தீர்களா? பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு இருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். ரிம் பக்கம் இருந்தால், ஸ்போக் ஓட்டைகளை மூடியிருக்கும் ரிம் டேப்பைப் பாருங்கள், இல்லாவிட்டால் புது டியூபும் அதே இடத்தில் போகும்.

புதுமிதி:
ரிம் அளந்தேன், 30 மி.மீ. அதனால் 20-28, ப்ரெஸ்டா, 48 வாங்கிப் போட்டாயிற்று. ஈசிஆர்வாசி சொன்னதுதான் சரி, ஓட்டை ரிம் பக்கம்! டேப் நகர்ந்து ஒரு ஸ்போக் ஓட்டை திறந்து கிடந்தது, அதையும் மாற்றிவிட்டேன். 28 இன்ச் டியூபைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்தால் அப்பா பிடுங்கிக்கொண்டார். அவருடைய சைக்கிளில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.