காக்ஸ் ஆற்றங்கரையில் ஓர் இரவு: கூடாரம் நனைந்தது, அடுப்பு அணைந்தது. பிழை எங்கே?

கேள்வி (மேற்கு சிட்னி அப்பா):

வணக்கம். சென்ற ஜூலைக் குளிர்காலப் பள்ளி விடுமுறையில் நானும் மனைவியும் 10 வயது மகளையும் 7 வயது மகனையும் அழைத்துக்கொண்டு நீலமலையின் சிக்ஸ் ஃபுட் ட்ராக் என்ற நடைபாதையில் ஓர் இரவு தங்கி வரப் புறப்பட்டோம். கட்டூம்பாவிலிருந்து ஜெனோலன் குகைகள்வரை செல்லும் முழுப் பாதையும் ஏறக்குறைய 44 கி.மீ. என்பதால், மெகாலோங் சாலையோரம் காரை நிறுத்தி, அங்கிருந்து 7, 8 கி.மீ. இறங்கிக் காக்ஸ் ஆற்று முகாமில் தங்கி, மறுநாள் அதே வழியில் ஏறி வருவதே எங்கள் திட்டம். பிள்ளைகள் சலிக்காமல் நடந்தார்கள். அந்தியில் கங்காருக்களைப் பார்த்தபின் மகனுக்குச் சோறுகூட இறங்கவில்லை.

இரவில்தான் எல்லாம் கெட்டது. ஒரு துளி மழையும் இல்லாதபோது நள்ளிரவுக்குப் பின் கூடாரத்தின் உட்புறம் வியர்த்துச் சொட்டத் தொடங்கி, ஸ்லீப்பிங் பேக்குகளின் கால்மாடு முழுவதும் ஈரமாகிவிட்டது. மகன் முதுகு குளிர்கிறது என்று அழுதுகொண்டே இருந்தான். விடிந்ததும் அடுப்பை ஏற்றினால், குப்பியில் பாதிக்கு மேல் எரிவாயு இருந்தும் சுடர் சுருங்கி அணைந்துவிட்டது. வெளியே வைத்திருந்த தண்ணீர் வடிகட்டியிலிருந்து சொட்டு நீர் வரவில்லை. வீட்டுக்கு வந்தபின் அது முன்னைவிட வேகமாகவே வடிகட்டுகிறது. ஆகவே அது பழுதில்லை என்று எண்ணுகிறேன். அடுப்பையும் கூடாரத்தையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா? அடுத்த முறை குளிருக்காக அடுப்பைக் கூடாரத்துக்குள் சிறிது நேரம் எரிய விடலாமா என்று மனைவி கேட்கிறார்.

மறுமொழி 1 (ஊசியிலை):

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது; ஒரு நிமிடம்கூடக் கூடாது. மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

மற்றவற்றுக்கு வருமுன் இரண்டு விவரங்கள் வேண்டும். கூடாரத்தைத் தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரத்தில் அடித்தீர்கள்? எந்த ஊரின் வானிலையைப் பார்த்துக் கிளம்பினீர்கள்?

கேட்டவர்:

பிள்ளைகள் படுத்தபடியே ஆற்றைப் பார்க்கட்டும் என்று தண்ணீருக்குப் பத்தடி தள்ளிப் புல்வெளியில் அடித்தோம். கட்டூம்பாவின் வானிலையைப் பார்த்தோம். அன்றிரவு 4 பாகை செல்சியஸ் என்று போட்டிருந்தது. கட்டூம்பா ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதற்கு வெகு கீழே உள்ள ஆற்றங்கரை அதைவிட வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று நம்பினோம்.

மறுமொழி 2 (ஊசியிலை):

அந்த நம்பிக்கையில்தான் சிக்கல் இருக்கிறது. கூடாரத்தையோ அடுப்பையோ குறை சொல்ல வேண்டியதில்லை. உயரம் கூடக் கூடக் குளிரும் என்பது பகலுக்குப் பெரும்பாலும் சரி. காற்றில்லாத, மேகமில்லாத குளிர்கால இரவில் அது தலைகீழாகும். சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று தண்ணீரைப் போலவே வழிந்து இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி நிற்கும். கட்டூம்பா முகட்டில் 4 பாகை இருக்கும் இரவில், மெகாலோங் பக்கத்துத் தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனி படிவதில் வியப்பில்லை. உங்கள் நான்கு தொல்லைகளும் இந்த ஒரே குளிரிலிருந்து வந்தவை.

கூடாரத்தின் மேல்துணி திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். ஆற்றருகே காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்தது; நான்கு பேர் மூச்சும் அதோடு சேர, அது துணியில் பட்டு நீராகிவிட்டது. கதவு, காற்றுத்துளை எல்லாவற்றையும் குளிருக்கு அஞ்சி இறுக மூடியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எல்லோரும் முதல் முறை அப்படித்தான் செய்கிறார்கள். மேல்துளைகளைத் திறந்து வையுங்கள், மேல்துணி உள்துணியைத் தொடாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள், ஈர உடைகளை வெளியே விடுங்கள். இவை எல்லாவற்றையும்விட, ஆற்றிலிருந்து விலகிச் சற்றே மேடான இடத்தைத் தேடுங்கள். சில மீட்டர் ஏறினாலே வேறுபாடு தெரியும். ஆனால் பெரிய யூகலிப்டஸ் மரத்தின் கிளைக்குக் கீழே மட்டும் வேண்டாம். அவை காற்றில்லாத நாளிலும் கிளையை முறித்துப் போடும்.

உங்கள் அடுப்பு, ஸ்ப்ரே டப்பாவைப் போன்ற நீளக் குப்பியைப் படுக்கவைத்துச் செருகும் வகையா? அதில் பெரும்பாலும் பியூட்டேன்தான் இருக்கும். பியூட்டேன் 0 பாகைக்குச் சற்றுக் கீழேயே திரவமாக உறங்கிவிடும். ஆவியாகாததால் சுடருக்கு எதுவும் போய்ச் சேராது. புரோப்பேன் கலந்த, திருகி மாட்டும் உருண்டைக் குப்பி குளிரில் நன்றாக எரியும். அதையும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு, காலையில் சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மாட்டுங்கள். நெருப்பில் காட்டிச் சூடாக்கிவிடாதீர்கள்.

வடிகட்டியைத் தயவுசெய்து இன்றே குப்பையில் போடுங்கள். அதன் உள்ளே இருப்பவை மிக நுண்ணிய குழல் இழைகள். அவற்றில் தங்கிய நீர் உறையும்போது விரிந்து இழைகளைக் கிழித்துவிடும். முன்னைவிட வேகமாகத் தண்ணீர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கிழிசல் வழியே வடிபடாமல் ஓடுவதன் அடையாளமாகவே அதை நான் பார்க்கிறேன். ஆற்றின் மேல்பக்கத்தில் மாடு மேய்க்கும் நிலங்கள் உள்ளன. முகாமின் தொட்டி நீரானாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

மறுமொழி 3 (பாதி வழி):

நல்ல விலையுள்ள கூடாரம் வாங்கினால் இந்தத் தொல்லையே இருக்காது. நான் இரட்டை விலை கொடுத்து வாங்கினேன், ஒரு நாளும் நனைந்ததில்லை.

மறுமொழி 4 (ஊசியிலை):

நீங்கள் கோடையில் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஜூலையில் அதே கூடாரத்தைத் தண்ணீரோரம் அடித்துப் பாருங்கள்.

மறுமொழி 5 (மூன்று பிள்ளைகளின் தாய்):

தம்பி, மகன் முதுகு குளிர்கிறது என்று சொன்னதைக் கவனித்தீர்களா? குளிர் மேலிருந்து வரவில்லை, தரையிலிருந்து வந்திருக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கிவிடுவதால் அது காப்பதில்லை. வெறும் காற்றடைத்த மெத்தையும் காப்பதில்லை. மெத்தைக்கு அடியில் மலிவான ஃபோம் விரிப்பு ஒன்றைப் போடுங்கள். பெரியவர்களின் பேக்கில் 7 வயதுப் பிள்ளை படுத்தால், காலுக்குக் கீழே கிடக்கும் வெற்றிடத்தையும் சேர்த்து அவனே சூடாக்க வேண்டியிருக்கும்; அந்தப் பகுதியை மடித்துக் கீழே செருகிவிடுங்கள். நான் செய்வது இன்னொன்று: படுக்கப்போகும் முன் கெட்டியான தண்ணீர்ப் போத்தலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, அதன்மேல் அப்பாவின் தடித்த காலுறையை மாட்டிப் பிள்ளையின் காலடியில் வைத்துவிடுவேன். விடியற்காலையிலும் அதில் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும்.

காக்ஸ் ஆற்றைக் கடக்கும் பௌடெல் தொங்குபாலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம் என்பதால் என் நடு மகள் பாதியில் நின்றுவிட்டாள். ஓடிப் போய்க் கையைப் பிடிக்கவும் முடியவில்லை.

கேட்டவர்:

அக்கா, எங்களுக்கும் அதேதான் நடந்தது. மகன் கால் வைக்கவே மறுத்தான். தண்ணீர் முழங்காலுக்கும் கீழே தெளிவாக ஓடியதால் ஆற்றிலேயே இறங்கி, கையைப் பிடித்து நடத்திக் கடந்தோம்.

மறுமொழி 6 (மூன்று பிள்ளைகளின் தாய்):

அன்று நீர் குறைவு, சரி. மேலே மழை பெய்திருந்தால் அந்த வழி கிடையாது. கலங்கி வேகமாக ஓடும் நீரில் பிள்ளைகளை இறக்கக் கூடாது. பாலமும் முடியாது, ஆறும் முடியாது என்றால் இக்கரையிலிருந்தே திரும்பிவிடுங்கள். பாலத்தில் ஒரு பெற்றோர் முதலில் போய் அக்கரையில் நிற்க வேண்டும், பிள்ளைகள் முதுகில் சுமையில்லாமல் ஒவ்வொருவராக வர வேண்டும், மற்றவர் கடைசி. கீழே பார்க்காதே என்று சொல்லிப் பயனில்லை. என் முகத்தைப் பார், கம்பிகளை எண்ணு என்று சொன்னபோதுதான் என் மகள் அசைந்தாள். இராணுவப் பொறியாளர்கள் கட்டிய பாலம் அது. 1966இல் வியட்நாமில் நிலத்தடிச் சுரங்கப்பாதைக்குள் இறந்த ஆஸ்திரேலிய வீரர் பௌடெலின் பெயர். அந்தக் கதையை முதல் நாளே சொல்லிவைத்தால் மகனுக்குப் பாலத்தின் மேல் மரியாதையாவது வரும்.

மறுமொழி 7 (ஊசியிலை):

ஒன்று விட்டுப்போனது. பள்ளத்தில் தொலைபேசி அலை கிடைக்காது. அவசர அலைபரப்பியை (செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் சிறு கருவி) பிளாக்ஹீத்திலுள்ள தேசியப் பூங்கா மையத்தில் இலவசமாக இரவல் வாங்கலாம். கிளம்பும் நாள் காலையில் பாதை மூடல் அறிவிப்புகளையும் பாருங்கள். வெள்ளத்துக்கும் காட்டுத்தீக்கும் பின் இந்தப் பாதை பலமுறை மூடப்பட்டிருக்கிறது.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. வடிகட்டி குப்பைக்குப் போய்விட்டது. நேற்றிரவு வீட்டுப் பின்முற்றத்தில் துளைகளைத் திறந்துவைத்துப் படுத்துப் பார்த்தோம். புல் முழுக்கப் பனி, உள்துணியில் மூலையில் மட்டும் கையளவு ஈரம். மகன் காலுறை போட்ட போத்தலைக் காலையிலும் திருப்பித் தர மறுத்துவிட்டான். செப்டம்பர் விடுமுறையில் மீண்டும் இறங்குகிறோம்.